டைப் அடிக்கையில் கர்சர் தாவுகிறதா? டச்பேடை வழிக்குக் கொண்டுவரும் முறை

மூன்றாவது பத்தியை மும்முரமாக அடித்துக்கொண்டிருப்பீர்கள். நிமிர்ந்து பார்த்தால் கடைசி நான்கு சொற்கள் முதல் பத்தியின் நடுவில் போய் உட்கார்ந்திருக்கும். சில நேரம் இதைவிட மோசம். ஒரு பத்தி முழுக்க நீலமாகி, அடுத்த எழுத்தை அடித்ததும் அப்படியே காணாமல் போய்விடும்.

அப்படிக் காணாமல் போனால் வேறெதையும் தொடாமல் கன்ட்ரோல்+இசட் அழுத்துங்கள். ஒரு முறையில் வராவிட்டால் இரண்டு மூன்று முறை. பத்தி திரும்பி வந்ததும் ஃபைலைச் சேமித்துவிட்டு மேலே படியுங்கள்.

லேப்டாப்பில் தமிழ் டைப் பழகுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது எனக்கு வழக்கம். இந்தத் தொல்லை வந்ததும் முக்கால்வாசிப் பேர் முதலில் செய்வது கர்சர் வேகத்தைக் குறைப்பது. அடுத்தது, இணையத்தில் தேடி ஏதோ ஒரு டிரைவரை (கருவியை இயக்கும் மென்பொருளை) இறக்குவது. முதலாவதால் பயனில்லை. இரண்டாவதால் சில சமயம் இருப்பதும் கெடும். வரிசை மாறாமல் போனால் பெரும்பாலும் பத்து நிமிட வேலைதான்.

இங்கே சொல்லும் மெனுப் பெயர்கள் விண்டோஸ் 11-க்கு உரியவை. விண்டோஸ் 10-இலும் ஏறக்குறைய அதே பெயர்கள்தான். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு 9-ஆம் பகுதி இருக்கிறது. ஆனால் 2, 3, 4 ஆகிய பகுதிகளின் சோதனைகள் எல்லோருக்கும் பொது, மெனுப் பெயர்கள் மட்டும் வேறு.

1. தொடங்குமுன்

ஒரு மவுஸை இரவல் வாங்கியாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்காக டச்பேடை அணைக்க வேண்டிவரும். அணைத்தபின் அதைத் திரும்பப் போட எதைக் கொண்டு கிளிக் செய்வது என்று பலர் விழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

மவுஸ் இல்லாமலேயே அணைத்துவிட்டீர்களா? விண்டோஸ் விசையை அழுத்தி, ஆங்கிலத்தில் டச்பேட் என்று அடித்து, என்டர் தட்டினால் அந்த செட்டிங்ஸ் பக்கம் வரும். டேப் விசையால் நகர்ந்து ஆன்-ஆஃப் பொத்தானுக்குப் போய் ஸ்பேஸ்பாரை அழுத்துங்கள். தமிழ் கீபோர்டு ஆன் ஆகியிருந்தால் தேடும் கட்டத்தில் தமிழெழுத்துகள் விழுந்து எதுவும் கிடைக்காது. விண்டோஸ்+ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறிவிட்டுத் தேடுங்கள். தமிழுக்குத் தனி மென்பொருள் போட்டிருந்தால் அதை அதன் குறுக்குவிசையால் நிறுத்துங்கள்.

ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் வேண்டும். எந்த அமைப்பு முன்பு எப்படி இருந்தது, எதை மாற்றினீர்கள் என்று எழுதிவையுங்கள். நாலைந்தை ஒரே மூச்சில் மாற்றிவிட்டால் எது பலித்தது என்றே தெரியாது. வேண்டியதையும் சேர்த்து அணைத்திருப்பீர்கள்.

2. ஓடுவது அம்பா, கோடா?

எல்லோரும் பொதுவாகக் ‘கர்சர்’ என்று சொல்வது இரண்டு வேறு பொருள்களை. ஒன்று, திரையில் அலையும் அம்புக்குறி. இன்னொன்று, எழுத்து விழப்போகும் இடத்தில் மினுக்கும் கோடு. அம்பு எங்கே ஓடினாலும் நீங்கள் அடிப்பது கோடு இருக்கும் இடத்தில்தான் விழும். அம்பு நிற்கும் இடத்தில் ஒரு கிளிக் விழுந்தால்தான் கோடு அங்கே போகும்.

ஆக, எழுத்து இடம் மாறி விழுகிறது என்றால் எங்கோ ஒரு கிளிக் விழுந்திருக்கிறது. உள்ளங்கை டச்பேடை லேசாகத் தொட்டுவிட்டு எடுத்ததை அது ‘விரல் தட்டியது’ என்று எடுத்துக்கொண்டது. பத்தியே அழிவதும் இதே கதை. இரண்டு முறை தொட்டு நகர்ந்ததால் வரிகள் தேர்வாகின்றன, அடுத்து அடித்த எழுத்து அவற்றின் இடத்தைப் பிடிக்கிறது. கர்சர் வேகத்தைக் குறைத்துப் பயனில்லாததற்குக் காரணமும் இதுதான். அம்பு மெதுவாக நகர்ந்தாலும் கிளிக் கிளிக்தான்.

நோட்பேடைத் திறந்து இருபது வரி ஏதாவது ஒட்டுங்கள். கடைசி வரியின் முடிவில் கோட்டை வைத்து, திரையைப் பார்த்தபடி வழக்கமான வேகத்தில் மூன்று நிமிடம் அடியுங்கள். கோடு தாவியதா, அம்பு மட்டும் அலைந்ததா, வலது கிளிக் மெனு எட்டிப் பார்த்ததா, பக்கம் மேலும் கீழும் உருண்டதா, எழுத்துகள் திடீரெனப் பெரிதாயினவா? கண்டதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு.

தமிழ் அடிப்பவர்களுக்கு இதில் ஒரு தனிக் குழப்பம் உண்டு. தமிழ்99 கீபோர்டு முறையில் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். இரண்டு அடிக்கும் நடுவே கோடு தாவினால் ஒரு ‘க’ இங்கேயும் இன்னொரு ‘க’ வேறெங்கோவும் கிடக்கும், புள்ளி இருக்காது. பார்க்கிறவருக்குக் கீபோர்டு மென்பொருள் கெட்டுப்போனது போலத் தோன்றும். அதை அழித்து மறுபடி நிறுவி ஒரு நாளை வீணாக்கியவர்கள் உண்டு. மிச்ச எழுத்துகள் வேறு வரியில் கிடக்கின்றனவா என்று முதலில் தேடிப் பாருங்கள். கிடந்தால் குற்றவாளி டச்பேட்.

3. டச்பேடை அணைத்து ஒரு சோதனை

செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், டச்பேட். மேலே இருக்கும் பொத்தானை ஆஃப் செய்யுங்கள். மவுஸைக் கை படாத இடத்தில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் டைப் அடியுங்கள்.

தாவல் நின்றால் டச்பேட்தான் காரணம். மறுபடி ஆன் செய்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள்.

நிற்காவிட்டால் டச்பேடின் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. பளபளக்கும் கண்ணாடி மேசையில் மவுஸை வைத்தால் அம்பு தானாக நடுங்கும். விசைகளுக்கு நடுவே சிவப்புக் குமிழ் உள்ள லேப்டாப்பில் அம்பு ஒரு பக்கமாக ஊர்ந்துகொண்டே போவதுண்டு. குமிழிலிருந்து விரலை எடுத்துச் சில நொடி விட்டால் தானே சரியாகும். தொடுதிரை இருந்தால் அதுவும் பொய்க் கிளிக் போடலாம். கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் அதைத் தற்காலிகமாக நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

4. சார்ஜர், பேட்டரி, கைப்பிசுக்கு

மென்பொருளுக்குள் நுழையுமுன் இதைப் பார்ப்பது அவசியம். கோளாறு கருவியில் இருந்தால் எந்த அமைப்பும் உதவாது. அதிலும் பேட்டரி விஷயம் ஆபத்து.

முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு டைப் அடியுங்கள். சார்ஜ் ஏறும்போது மட்டும் அம்பு துள்ளுகிறது, பேட்டரியில் ஓடும்போது சாது என்றால் மின்சாரப் பக்கம்தான் கோளாறு. டச்பேட் விரலை உணர்வது அழுத்தத்தால் அல்ல. அதன் அடியில் உள்ள மின்தகட்டு வலையில் விரல் உண்டாக்கும் சிறு மின்மாற்றத்தை அளந்துதான். சார்ஜர் வழியாக இரைச்சல் வந்தால் அந்த அளவு குழம்பும், தொடாததையும் தொட்டதாக நினைக்கும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகியிருக்கிறீர்களா? எர்த் இல்லாத பழைய சாக்கெட்டா? உலோக உடல் கொண்ட லேப்டாப்பில் மணிக்கட்டை வைத்தால் எறும்பு ஊர்வது போல விறுவிறுவென்று இருக்கிறதா? நல்ல எர்த் உள்ள மூன்று முள் சாக்கெட்டுக்கு மாறி, லேப்டாப்போடு வந்த சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். இது ஒன்றிலேயே வேலை முடிந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

அடுத்தது பேட்டரி. டச்பேட் முன்பைவிடத் தூக்கலாகத் தெரிகிறதா, ஓரத்தில் இடைவெளி விழுந்திருக்கிறதா, கிளிக் அழுத்தினால் கடினமாக இருக்கிறதா, சமதளத்தில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா என்று பாருங்கள். பல லேப்டாப்களில் டச்பேடுக்கு அடியிலோ ஒட்டியோதான் பேட்டரி இருக்கிறது. அது உப்பினால் கீழிருந்து தள்ளும், தானாகக் கிளிக் விழும். இந்த அறிகுறி இருந்தால் இந்த வழிகாட்டியை இத்தோடு விட்டுவிடுங்கள். சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை அணைத்து, சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். உப்பிய பேட்டரியை அமுக்குவதும் குத்துவதும் தீப்பிடிக்க வைக்கும். ‘இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம்’ என்ற பேச்சே வேண்டாம்.

மூன்றாவது, கை. வியர்வை, தேங்காயெண்ணெய், முறுக்கு தின்ற விரல். ஈரமும் பிசுக்கும் படிந்தால் டச்பேட் தடுமாறும். லேப்டாப்பை அணைத்துவிட்டு, பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். தண்ணீரை நேராகத் தெளிக்கக் கூடாது, ஓர இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

5. தட்டினால் கிளிக் ஆவதை நிறுத்துங்கள்

தொந்தரவு கிளிக்கால் வருகிறது என்று பார்த்தோம். ஆகவே முதலில் கை வைக்க வேண்டியதும் அங்கேதான்.

அதே டச்பேட் பக்கத்தில் டேப்ஸ் என்ற வரியை விரித்தால் நான்கு தேர்வுக் கட்டங்கள் இருக்கும். ஒற்றை விரலால் தட்டினால் கிளிக், இரு விரலால் தட்டினால் வலது கிளிக், இரண்டு முறை தட்டி இழுத்தால் பலவற்றைத் தேர்வு செய்தல், கீழ் வலது மூலையை அழுத்தினால் வலது கிளிக். முதல் மூன்றிலும் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். நான்காவதை விட்டுவையுங்கள். அது உண்மையாகவே அழுத்தினால்தான் வேலை செய்யும், கை பட்டு விழாது.

இனிமேல் கிளிக் வேண்டுமானால் டச்பேடின் கீழ்ப் பகுதியை ‘டக்’கென்று அழுத்த வேண்டும். முதல் நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். தட்டிப் பழகிய விரல் தட்டிக்கொண்டே இருக்கும், எதுவும் நடக்காது. இரண்டு மூன்று நாளில் கை பழகிவிடும். நிறைய டைப் அடிப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த ஒற்றை மாற்றம் இல்லை என்பது என் கணிப்பு. மேக்கில் இந்தத் தட்டல் வசதி நாமாகப் போட்டால்தான் வரும் என்பதையும் கவனியுங்கள்.

மறுபடி நோட்பேடில் மூன்று நிமிடம். சரியாகிவிட்டதா? இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

6. தட்டல் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு: சென்சிட்டிவிட்டி

டேப்ஸ் பகுதியிலேயே டச்பேட் சென்சிட்டிவிட்டி என்று ஒன்று இருக்கும். மோஸ்ட் சென்சிட்டிவ், ஹை, மீடியம், லோ என நான்கு நிலைகள்.

பெயரைப் பார்த்து, விரலை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்கான அமைப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நீங்கள் விசைகளைத் தட்டிக்கொண்டிருக்கும்போது டச்பேட் மேல் படும் தொடுதலை எவ்வளவு தூரம் கண்டுகொள்ளாமல் விடுவது என்பதைத்தான் இது தீர்மானிக்கிறது. விண்டோஸ் 8.1-இல் இதே இடத்தில் கிளிக் வேலை செய்யுமுன் எவ்வளவு தாமதம் வேண்டும் என்று நேராகவே கேட்டிருந்தார்கள். அந்தப் பெயர்தான் புரியும்படி இருந்தது.

மோஸ்ட் சென்சிட்டிவ் என்றால் தடுப்பே இல்லை. உங்களுடையது அதில் இருந்தால் காரணம் அகப்பட்டுவிட்டது. மீடியத்தில் வைத்துப் பாருங்கள், போதாவிட்டால் லோ. லோவுக்கு ஒரு விலை உண்டு. டைப் அடித்துவிட்டு உடனே டச்பேடைத் தொட்டால் கொஞ்ச நேரம் அசையாது. ‘டச்பேட் தொங்குகிறது’ என்று இதைத்தான் சொல்வார்கள். பழுது இல்லை, நீங்கள் கேட்டுக்கொண்டதை அது செய்கிறது.

வீட்டில் பிள்ளைகள் அதே லேப்டாப்பில் விளையாடினால் எதிர்த் திசையிலிருந்து புகார் வரும். விசையைப் பிடித்தபடி டச்பேடால் சுற்றிப் பார்க்க முடியவில்லை என்பார்கள். காரணம் இதே தடுப்புதான். அவர்கள் மோஸ்ட் சென்சிட்டிவ் ஆக்கிவிட்டுப் போவார்கள், மறுநாள் உங்களுக்குக் கோடு தாவும். தனித்தனி விண்டோஸ் கணக்கு வைத்துக்கொண்டால் சண்டை தீரும், ஏனென்றால் இந்த அமைப்பு கணக்குக்குக் கணக்கு தனி.

7. உருளுவதும் பெரிதாவதும்

எழுத்து திடீரெனப் பெரிதானால் ஸ்க்ரோல் அண்ட் ஜூம் பகுதியில் பிஞ்ச் டு ஜூம் டிக்கை எடுங்கள். பெரிதான இணையப் பக்கத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவர கன்ட்ரோல்+பூஜ்யம். திறந்த ஜன்னல்களெல்லாம் சிறுசிறு படங்களாக விரிந்தால் அது மூன்று விரல் சைகை. த்ரீ-ஃபிங்கர் ஜெஸ்சர்ஸ் பகுதியில் ஸ்வைப்ஸ் என்பதை நத்திங் ஆக்குங்கள். இரு விரல் உருட்டலை மட்டும் விட்டுவையுங்கள். அதையும் எடுத்துவிட்டு மறுநாள் கேட்டு வராதவர்கள் குறைவு.

8. மவுஸ் வைத்திருந்தால்

எப்போதும் மவுஸ் வைத்துத்தான் வேலை என்றால், டச்பேட் பக்கத்தில் ஆன்-ஆஃப் பொத்தானுக்கு அருகிலுள்ள அம்பை விரியுங்கள். மவுஸ் இணைத்திருக்கும்போதும் டச்பேட் ஆனில் இருக்கட்டும் என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டால் மவுஸைச் செருகியதும் டச்பேட் அடங்கும், கழற்றியதும் எழும்.

ஒரு பொறி உண்டு. வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவர் லேப்டாப்பில் செருகியபடி இருந்தால், மவுஸ் வீட்டு மேசையில் கிடந்தாலும் விண்டோஸைப் பொறுத்தவரை மவுஸ் இணைந்தே இருக்கிறது. வெளியூர் போய் லேப்டாப்பைத் திறந்தால் டச்பேட் செத்தது போல இருக்கும். ரிசீவரைப் பிடுங்குங்கள், உயிர் வரும்.

பல லேப்டாப்களில் மேல் வரிசை விசை ஒன்றில் டச்பேட் படம் போட்டிருக்கும். அதைத் தனியாகவோ எஃப்என் விசையோடு சேர்த்தோ அழுத்தினால் டச்பேட் ஆன்-ஆஃப் ஆகும். எந்த விசை என்பது மாடலுக்கு மாடல் வேறு, ஆகவே படத்தைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். நீண்ட கட்டுரை அடிக்க உட்காரும்போது நானே அமைப்புகளுக்குள் போவதில்லை, இந்த விசையைத்தான் தட்டுகிறேன்.

மவுஸ் பிராப்பர்ட்டீஸில் டைப் அடிக்கும்போது அம்பை மறைப்பது என்றொரு டிக் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு ‘டச்பேடை அணைத்துவிட்டேன், ஆனாலும் தாவுகிறது’ என்பார்கள். அது கண்ணுக்கு மறைப்பது மட்டுமே, கிளிக் விழுவதைத் தடுக்காது.

9. இந்த அமைப்புகளே காணோம் என்றால்

பழைய லேப்டாப்களில் டச்பேட் பக்கம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். அங்கே விண்டோஸ் அல்ல, டச்பேட் செய்தவர்களின் டிரைவர்தான் ஆட்சி செய்கிறது. கன்ட்ரோல் பேனலில் மவுஸைத் திறந்து, மேல் வரிசையில் கடைசியாக உள்ள தாவலை (டேபை) பாருங்கள். சினாப்டிக்ஸ், எலான் போன்ற பெயரோ, டிவைஸ் செட்டிங்ஸ் என்றோ இருக்கும். அதற்குள் பாம்செக் அல்லது உள்ளங்கை என்று பொருள்படும் பெயரில் ஒரு நகர்த்துகோல் இருந்தால் அதை உயர்த்துங்கள். தட்டல் கிளிக்கை நிறுத்துவதும் அங்கேயே இருக்கும்.

அந்தத் தாவலும் இல்லாவிட்டால்தான் டிரைவரைத் தொட வேண்டும். லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணுக்கு உரியதை மட்டும் எடுங்கள். விண்டோஸ் அப்டேட்டின் ஆப்ஷனல் அப்டேட்ஸ் பகுதியிலும் கிடைக்கலாம். ‘எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்’ என்று அழைக்கும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள். தொல்லை ஒரு அப்டேட்டுக்குப் பிறகுதான் தொடங்கியதென்றால் டிவைஸ் மேனேஜரில் அந்த டச்பேடின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து ரோல் பேக் டிரைவர் கொடுத்துப் பாருங்கள்.

லினக்ஸில் இன்று பரவலாக இருக்கும் லிப்இன்புட் என்ற உள்ளீட்டு மென்பொருள், டைப் அடிக்கும்போது டச்பேடைத் தானாகவே நிறுத்தி வைக்கிறது. கேடிஈ டெஸ்க்டாப்பிலும் க்னோம் டெஸ்க்டாப்பின் புதிய பதிப்புகளிலும் இதற்கான டிக் டச்பேட் அமைப்புகளில் தெரியும். ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்ற விசைகளை அது டைப் அடிப்பதாகக் கணக்கில் எடுக்காது, ஆகவே குறுக்குவிசைகள் அடிக்கும்போது டச்பேட் விழித்தே இருக்கும். மேக்கில் டிராக்பேட் அமைப்பில் டேப் டு கிளிக்கை அணையுங்கள். தனி மவுஸ் வைத்திருந்தால் அக்சஸிபிலிட்டியின் பாயின்டர் கன்ட்ரோலில் உள்ளமைந்த டிராக்பேடைப் புறக்கணிக்கச் சொல்லும் அமைப்பும் இருக்கிறது.

10. கை வைக்கும் இடம்

எண்பலகை உள்ள அகலமான லேப்டாப்பில் எழுத்து விசைகள் இடப்பக்கம் தள்ளியிருக்கும். ஆனால் சிலவற்றில் டச்பேடை மட்டும் உடலின் நட்டநடுவில் பொருத்தியிருப்பார்கள். வலது உள்ளங்கை நேராக அதன் மேல் உட்காரும். ஸ்பேஸ்பாருக்கு நேர் கீழே இருந்தால் இரண்டு கைக்கும் நடுவே தப்பித்துக்கொள்ளும். புது லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒரு பத்தி அடித்துப் பாருங்கள்.

டச்பேட் மேல் ஒரு தாளை வைத்து மூடுவது பலருக்குத் தோன்றும் யோசனை. பலிக்காது, மெல்லிய தாளுக்கு அப்பாலும் அது விரலை உணரும். மூடியே ஆக வேண்டுமானால் நோட்டு அட்டையை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து வையுங்கள். வேலை முடிந்து லேப்டாப்பை மூடும்போது அட்டையை எடுக்க மறக்காதீர்கள். நடுவில் சிக்கினால் திரை கீறலாம், விரிசலும் விடலாம்.

11. ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தால்

பெரிய விண்டோஸ் அப்டேட்டோ புது டிரைவரோ வந்தபின் இந்த அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்புவதுண்டு. தொடங்கும்போது எழுதிவைத்த காகிதத்தை எடுத்து, 5-ஆம் பகுதியின் மூன்று டிக், 6-இன் நிலை, 8-இன் டிக் ஆகியவை நீங்கள் வைத்தபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் அப்படியே இருந்தும் தாவுகிறதென்றால் அமைப்புகளை விட்டுவிட்டு 4-ஆம் பகுதிக்குப் போங்கள். லேப்டாப்பை மேசையில் மூடி வைத்து, ஒரு மூலையை லேசாகத் தட்டி, ஆடுகிறதா என்று பாருங்கள்.